பம்ப் மோட்டாரும் பழுதுபார்ப்பு எழுத்தும்: ஒரு விமர்சனக் குறிப்பு

டிஷ்வாஷர் பம்ப் ஓடவில்லை என்றால் என்ன செய்வது என்று சொல்லித்தரும் எழுத்து ஒரு தனி வகை. மெஷினோடு வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்கள், சர்வீஸ் ஆட்களுக்கான தாள்கள், பிழைக்குறி அட்டவணைகள், உதிரிபாகம் விற்கிறவர்கள் எழுதும் வழிகாட்டிகள், யூடியூப் வீடியோக்கள் எல்லாம் இதில் அடக்கம். இலக்கிய விமர்சகர்கள் இந்தப் பக்கம் வரமாட்டார்கள். ஆனா மெஷின் நின்னுபோன அன்னிக்கு நாம படிக்கிறது இதைத்தான். படிச்சு முடிச்சதும் கையில் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கிட்டு 230 வோல்ட் பக்கத்தில் போய் உட்காருகிறோம். ஒரு நாவலைத் தப்பாப் படிச்சா பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லை. இங்கே இருக்கு. அதனால் இந்த வகை எழுத்தையும் கொஞ்சம் கறாராக வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடந்த ஒரு வருடமாகக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்து, சிலவற்றை எங்கள் வீட்டு மெஷினிலேயே செய்தும் பார்த்து எடுத்த குறிப்புகள் இவை. என் புகார் ஒன்றுதான். இந்த எழுத்து "இதை அளந்து பார்" என்கிறது, "இவ்வளவு வந்தால் நல்லது" என்கிறது, "வரலேன்னா மாத்து" என்கிறது. அந்தச் சோதனை எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதை மட்டும் சொல்வதில்லை.

1. முதலில், எந்த மோட்டார்?

பெரும்பாலான வழிகாட்டிகள் "பம்ப் மோட்டார்" என்று ஒருமையில் பேசுகின்றன. மெஷினுக்குள் இருப்பது இரண்டு பம்ப். தண்ணீரைச் சுழல விட்டுப் பாத்திரத்தின் மேல் பீய்ச்சி அடிப்பது ஒன்று, வாஷ் பம்ப். அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுவது இன்னொன்று, டிரெய்ன் பம்ப். இரண்டும் வேறு வேறு ஜாதி மோட்டார்.

டிரெய்ன் பம்ப் சின்னது, 30 வாட் அளவில். நிலைக்காந்தம்தான் அதன் ரோட்டார். சுற்றி ஒரு காயில், இரண்டே டெர்மினல். 50 ஹெர்ட்ஸ் கரண்டின் தாளத்துக்கே சுற்றும். இதை வெளியே எடுத்துக் கையால் சுற்றிப் பார்த்தால் தடக், தடக் என்று பல்பல்லாகச் சிக்கிச் சிக்கிச் சுற்றும். காந்தம் இரும்பை இழுப்பதால் வரும் இயல்பான உணர்வு அது. "கையால் சுற்றிப் பார், லேசாகச் சுற்றவில்லை என்றால் ஜாம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியதைப் படித்துவிட்டு நல்ல பம்பைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

வாஷ் பம்பில் இரண்டு வகை. பழைய மாடல்களில் கெப்பாசிட்டர் வைத்த இண்டக்‌ஷன் மோட்டார்: மெயின் வைண்டிங், துணை வைண்டிங், கூடவே சில மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். நம்ம ஊர் கிணத்து மோட்டாரின் தம்பி. புதிய மாடல்களில் பி.எல்.டி.சி., அதாவது மூன்று வைண்டிங், நிலைக்காந்த ரோட்டார், அதை ஓட்ட ஒரு இன்வெர்ட்டர் போர்டு. முதல் வகைக்கு எழுதிய சோதனையை இரண்டாம் வகையில் செய்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடும். இதைக்கூடப் பிரித்துச் சொல்லாமல் ஆரம்பிக்கும் வழிகாட்டியை அந்த இடத்திலேயே மூடிவைத்துவிடலாம்.

2. பிழைக்குறி யாருடைய வாக்குமூலம்?

நான் சாஃப்ட்வேர்க்காரன். ஒரு புரோகிராம் செத்து விழும்போது வரும் எர்ரர் மெசேஜ், கோளாறு எங்கே பிடிபட்டது என்று சொல்லும். எங்கே உண்டானது என்று சொல்லாது. இது எங்கள் தொழிலில் முதல் வருஷப் பாடம். டிஷ்வாஷர் பிழைக்குறியும் அப்படியே. போர்டுக்குத் தெரிந்ததை மட்டும்தான் அது சொல்ல முடியும்.

"தண்ணீர் வெளியேறவில்லை" என்ற குறியை எடுத்துக்கொள்வோம். பல மெஷின்களில் போர்டு டிரெய்ன் பம்பைப் பார்ப்பதே இல்லை. பம்புக்கு கரண்ட் கொடுக்கிறது, குறிப்பிட்ட நேரம் காத்திருக்கிறது, தண்ணீர் மட்டம் இறங்கினதா என்று சென்சாரைக் கேட்கிறது. இறங்கவில்லை என்றால் குறி. இதற்குக் காரணம் பம்ப் காயிலாக இருக்கலாம். ஃபில்டரில் சிக்கிய கறிவேப்பிலைக் காம்பாகவோ, மடங்கிக் கிடக்கும் ஹோஸாகவோ, சிங்க் அடியில் அடைத்த குழாயாகவோ, கனெக்டரில் பிடித்த பச்சைக் களிம்பாகவோ, மட்டம் பார்க்கும் சென்சாராகவோகூட இருக்கலாம். ஆறு சந்தேக நபர்கள், ஒரு வாக்குமூலம். அட்டவணையில் மட்டும் "டிரெய்ன் பம்ப் பழுது" என்று ஒரே வரி.

பி.எல்.டி.சி. வாஷ் பம்பில் போர்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். மூன்று வைண்டிங்கிலும் போகும் கரண்டை அளந்து ரோட்டார் எங்கே நிற்கிறது என்று ஊகிக்கிறது. அந்த ஊகம் பொருந்தாதபோது "மோட்டார்" என்று குறி போடும. கண்ணாடிச் சில்லு சிக்கி நின்றாலும் அதே குறி. ஒரு வயர் விட்டுப்போனாலும், இன்வெர்ட்டரே போனாலும் அதே குறிதான்.

நியாயமான உதாரணமும் இருக்கு. போஷ், சீமென்ஸ் மாடல்களில் வரும் ஈ-15 என்ற குறிக்குப் பொருள், அடித்தட்டில் தண்ணீர் தேங்கி மிதவை மேலே வந்துவிட்டது என்பது. சென்சார் பார்த்ததை அப்படியே சொல்கிறது. எந்த உதிரியின் பெயரும் இல்லை. எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடுவது நம் வேலை. குறி எழுதினால் இப்படி எழுத வேண்டும். பார்த்ததைச் சொல்லும் குறி தேட வைக்கும், உதிரியின் பெயரைச் சொல்லும் குறி வாங்க வைக்கும்.

3. 150 ஓம் என்ற மந்திரம்

அடுத்தது மல்டிமீட்டர். எல்லா வீடியோவிலும் வரும் காட்சி: டிரெய்ன் பம்பின் இரண்டு டெர்மினலில் முனைகளை வைக்கிறார்கள், 150 ஓமோ அதற்குச் சற்று முன்பின்னோ வருகிறது, "பம்ப் நல்லா இருக்கு" என்று தீர்ப்பு.

இந்தச் சோதனை ஒன்றை உறுதியாகச் சொல்லும்: காயில் அறுந்திருக்கிறதா, இல்லையா. எண்ணே வரவில்லை என்றால் அறுந்துவிட்டது, விசாரணை முடிந்தது. எண் வந்தால் "அறுந்து போகவில்லை" என்பது மட்டும்தான் தெரிந்தது. "நல்லா இருக்கு" என்பதற்கு இன்னும் ரொம்ப தூரம் போகணும்.

ஏன்? ஒரு சின்னக் கணக்கு. 230 வோல்ட்டை 150 ஓமால் வகுத்தால் 1.5 ஆம்பியர், 350 வாட். ஆனா பம்ப் 30 வாட் பம்ப், ஓடும்போது எடுப்பது சுமார் 0.2 ஆம்பியர். மிச்சத்தைத் தடுப்பது காயிலின் இண்டக்டன்ஸும், சுழலும் காந்தம் உண்டாக்கும் எதிர் வோல்ட்டேஜும். மல்டிமீட்டர் சில வோல்ட் டி.சி. கொடுத்துச் செம்புக் கம்பியின் நீளத்தை மட்டும் அளக்கிறது. மோட்டாரை மோட்டாராக்கும் இரண்டு விஷயங்களும் அதன் கண்ணுக்குப் படாது.

காயிலுக்குள் சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனால் என்ன ஆகும்? நூற்றில் இரண்டு பங்கு சுற்று ஒட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 150 ஓம் 147 ஆகும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குக் கிட்டத்தட்ட 0.39 சதவீதம் மாறும். அப்போ 5 டிகிரி வித்தியாசமே இரண்டு சதவீதம். காலையில் அளந்ததா மத்தியானம் அளந்ததா என்பதற்குள் அந்தப் பழுது மறைந்துவிடும். ஆனால் ஓடும்போது ஒட்டின அந்தச் சுற்றுகள் டிரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட் ஆன செகண்டரி மாதிரி நடந்துகொள்ளும். அங்கேயே சூடேறும், வார்னிஷ் கருகும், பக்கத்துச் சுற்றையும் சேர்த்துக்கொண்டு போகும். மீட்டர் பாஸ் போட்ட காயில் மூன்று நாளில் எரிகிறது என்றால் அதில் மாயம் ஒன்றும் இல்லை.

சூட்டில் 60 டிகிரிக்குப் போன காயில் 25 டிகிரியில் இருந்ததைவிடச் சுமார் 14 சதவீதம் கூடக் காட்டும். எண்ணை மட்டும் எழுதி, எந்த வெப்பநிலையில் அளக்க வேண்டும் என்று எழுதாத அட்டவணை அரை அட்டவணை. கெப்பாசிட்டர் மோட்டாரிலும் இதே கதைதான். கெப்பாசிட்டர் பாதி மதிப்புக்கு இறங்கியிருந்தால் மோட்டார் உம்மென்று உறுமும், சுற்றாது. இரண்டு வைண்டிங்கையும் அளந்தால் சரியாகவே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "மோட்டார் நல்லது, அப்ப போர்டுதான்" என்று தாவுகிறார்கள். நடுவில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருப்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

4. "வோல்ட்டேஜ் வருது, அப்ப பம்ப் போச்சு"

இந்த வாக்கியத்தை எத்தனை இடத்தில் படித்தேன் என்று கணக்கில்லை. கனெக்டரைக் கழற்றி, மெஷினை ஓடவிட்டு, கனெக்டரில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 230 வந்தால் போர்டு நல்லது, பம்ப் கெட்டது.

இதில் இரண்டு தப்பு. முதல் தப்பு, வீட்டில் உட்கார்ந்து திறந்த மெஷினில் உயிருள்ள கனெக்டரை அளக்கச் சொல்வது. இரண்டாவது தப்பு தர்க்கத்தில். டிரெய்ன் பம்பைப் பெரும்பாலும் ஒரு டிரையாக்தான் ஆன் பண்ணி ஆஃப் பண்ணும். அதற்குக் குறுக்கே ஒரு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். 10 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 50 ஹெர்ட்ஸில் அதன் தடை ஏறக்குறைய 3.2 லட்சம் ஓம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக 1 கோடி ஓம். டிரையாக் ஆஃபில் இருந்தாலும், அந்தக் கெப்பாசிட்டர் வழியாகக் கசிந்து வருவதை மீட்டர் கிட்டத்தட்ட முழு 230 ஆகக் காட்டும். அதே இடத்தில் பம்பை மாட்டினால், அதன் தடை ஆயிரம் ஓம் சொச்சம்தான் என்பதால், ஒரு வோல்ட்கூடத் தேறாது. அதாவது கெட்டுப்போன போர்டுக்கு மீட்டர் நல்ல சான்றிதழ் கொடுக்கிறது, நல்ல பம்ப் குப்பைக்குப் போகிறது. சுமை மாட்டாமல் அளந்த வோல்ட்டேஜை நம்பக் கூடாது என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரிதான் இல்லை.

5. அட்டவணையில் இல்லாத பழுது

பிழைக்குறி அட்டவணைகளை வரிசையாக வாசித்தபோது ஒன்று உறைத்தது. ஆளைக் கொல்லக்கூடிய பழுதுக்கு எந்த அட்டவணையிலும் குறி இல்லை. மோட்டார் வைண்டிங்கிலிருந்து உடம்புக்குக் கரண்ட் கசிந்தால் வீட்டு ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகும். போர்டுக்கும் சேர்த்துத்தான் கரண்ட் போய்விடும். அப்புறம் அது எதைக் காட்டும்? மெஷினால் பிழைத்திருந்து சொல்ல முடிந்த பழுதுகளின் பட்டியல்தான் அந்த அட்டவணை.

எங்கள் வீட்டு மெஷினுக்கு வந்தது இந்த வகை. கெப்பாசிட்டர் மோட்டார் வைத்த பழைய மாடல். போட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் வீடு முழுக்க இருட்டு. சர்வீஸுக்கு வந்தவர் பார்த்ததுமே "ஹீட்டர் சார், மாத்திடலாம்" என்றார். மோசமான ஊகம் இல்லை. இந்த மாதிரி டிரிப்புக்கு ஹீட்டர்தான் வழக்கமான குற்றவாளி. ஆனால் ஊகத்தைச் சோதிக்க ஒரு காசு செலவில்லாத வழி இருந்தது. பச்சைத் தண்ணியில் அலசும் புரோகிராமைப் போட்டால் ஹீட்டர் ஆன் ஆகவே ஆகாது. போட்டோம். அப்பவும் டிரிப். ஹீட்டர் விடுதலை. தண்ணீரை வெளியேற்றும் வேலையை மட்டும் செய்ய வைத்தோம், டிரிப் இல்லை. டிரெய்ன் பம்பும் விடுதலை. பாக்கி வாஷ் பம்ப். ஒரு ஸ்குரூகூடக் கழற்றாமல் சந்தேகப் பட்டியல் இவ்வளவு சுருங்கிவிட்டது. எங்கள் தொழிலில் பிழையைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவது என்போம். எந்தக் கையேடும் இந்த வரிசையில் சொல்லித்தரவில்லை.

அடுத்து பிளக்கைப் பிடுங்கி, தண்ணீரை மூடி, வாஷ் பம்பின் கனெக்டரைக் கழற்றி அளந்தேன். மெஷின் மூன்று நாளாகச் சும்மா கிடந்தது. மல்டிமீட்டரில் வைண்டிங்குக்கும் உடம்புக்கும் நடுவே எண்ணே வரவில்லை. வீடியோக்காரர்கள் கணக்கில் இது பாஸ். தெரிந்த ஒருவரிடம் மெக்கர் வாங்கி வந்து 500 வோல்ட்டில் பார்த்தபோது 0.4 மெகாஓம். நல்ல மோட்டாரில் ஒரு மெகாஓமுக்கு மேலே இருக்கணும், சாதாரணமாக அதைப்போலப் பல மடங்கு இருக்கும். சில வோல்ட்டில் தெரியாதது 500 வோல்ட்டில் தெரிந்தது.

இங்கேயே நிறுத்தி "மோட்டார்தான்" என்று சொல்லிவிடலாம். ஆனா கணக்கு இடிக்குது. 230 வோல்ட்டை 0.4 மெகாஓமால் வகுத்தால் 0.6 மில்லிஆம்பியர் கூட இல்லை. வீட்டு ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியருக்கானது. 15க்கும் 30க்கும் நடுவில் டிரிப் ஆகும். அதற்குக் கசிவுத்தடை ஏறத்தாழ 8 ஆயிரத்திலிருந்து 15 ஆயிரம் ஓமுக்கு இறங்கணும். அப்படியென்றால் காய்ந்து கிடக்கும் மோட்டார் வேறு, ஓடும் மோட்டார் வேறு. மறுபடி மாட்டி, ஓடவிட்டு, டிரிப் ஆனதும் பிளக்கைப் பிடுங்கி உடனே அளந்தேன். இப்போ சாதாரண மல்டிமீட்டரிலேயே 9 ஆயிரம் ஓம். பம்பைக் கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட்டிலிருந்து மோட்டார் உடம்பு வரைக்கும் வெள்ளையாக உப்புத் தடம். சீல் ஒழுகுகிறது. ஓடும்போது மட்டும் சொட்டுச் சொட்டாக வைண்டிங்கை நனைக்கிறது, நின்றால் காய்ந்துவிடுகிறது.

ஆக, மோட்டாரில் தெரிந்த மின்பழுதுக்கு மூலம் ஒரு ரப்பர் சீல். புது மோட்டார் செட்டுக்குச் சொன்ன விலை 9,800 ரூபாய். சீல் 280 ரூபாய். காயில் கட்டும் கடையில் வைண்டிங்கை பல்பு வெளிச்சத்தில் ஒரு நாள் முழுக்கக் காய வைத்து, வார்னிஷ் ஊற்றிக் கொடுத்ததற்கு 400. அதற்குப் பிறகு மெக்கரில் 50 மெகாஓமுக்கு மேலே. ஓடிய உடனே அளந்தபோதும் அதேதான். இந்த இரண்டாவது அளவு இல்லாமல் முதல் அளவுக்கு மதிப்பில்லை.

அந்தக் கடையில் அவர்கள் முதலில் எடுத்தது சீரிஸ் லேம்ப். நம்ம ஊர் வைண்டிங் கடைகளின் ஸ்டெதஸ்கோப். முழு 230 வோல்ட்டில் சோதிப்பதால் மல்டிமீட்டருக்குத் தெரியாத சிலது அதற்குத் தெரியும். ஆனால் 40 வாட் பல்பு முழுசாக எரிய 170 மில்லிஆம்பியருக்கு மேல் வேண்டும். எங்கள் மோட்டாரின் கசிவு 25 மில்லிஆம்பியர். பல்பு மினுக்கக்கூடச் செய்யாது. ஆளுக்கு அபாயமான கசிவு பல்புக்குத் தூசு. கடைக்காரர் இதைத் தெரிந்தே வைத்திருந்தார். "லேம்ப் ஷார்ட்டுக்குத்தான் தம்பி, ஈரத்துக்கு மெக்கர்தான்" என்றார். படித்த இருபது வழிகாட்டிகளில் கிடைக்காத வாக்கியம் இது. ஒரு கருவி எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

6. எர்த் வயரைக் கழற்றும் யோசனை

இதே பழுதுக்கு இன்னொரு தீர்வும் காதில் விழுந்தது: எர்த்தை கட் பண்ணிட்டா டிரிப் ஆகாது. உண்மைதான், ஆகாது. எர்த் இல்லாதபோது கசியும் கரண்டுக்குப் போக வழி இல்லை. மெஷினின் இரும்பு உடம்பிலேயே காத்துக்கொண்டிருக்கும். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று யாராவது கதவைத் திறக்கும்போது வழி கிடைக்கும். ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்த நொடியில் அது வெட்டலாம், அதற்கு முன்னால் சோதனைக்கருவி நம் உடம்புதான். சிலர் ஆர்.சி.சி.பி. இல்லாத பழைய லைனிலிருந்து பாயிண்ட் இழுத்துக் கொடுக்கிறார்கள். அப்போ அந்த வெட்டும் கிடையாது.

வீட்டு மின்சாதனப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60335. டிஷ்வாஷருக்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு, 60335-2-5. எவ்வளவு கசிவு வரை அனுமதி என்பதற்கெல்லாம் அதில் வரையறை இருக்கு. அவ்வளவு கவனமாகச் செய்து வரும் மெஷினை ஒரு கட்டிங் பிளையர் அரை நிமிஷத்தில் கொலைக்கருவியாக்கிவிடும். டிரிப் ஆவதைத் தொந்தரவாக எழுதி, "டிரிப்பை நிறுத்துவது எப்படி" என்று தலைப்பு வைக்கும் எழுத்துக்கும் இதில் பங்கு இருக்கு. கேட்க வேண்டிய கேள்வி "கரண்ட் எங்கே கசிகிறது" என்பது.

7. நல்ல தாள் எப்படி இருக்கும்?

இந்த வகையில் எனக்குப் பிடித்த எழுத்து அமெரிக்க மாடல்களில் கீழ்ப்பலகைக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கும் டெக் ஷீட். பளபளப்பில்லாத காகிதம், ஒன்றிரண்டு பக்கம். முழு வயரிங் படம், எந்தக் கனெக்டரில் எந்த இரண்டு பின்னுக்கு நடுவே எத்தனை ஓம் வரணும் என்ற பட்டியல், சர்வீஸ் மோடில் நுழையும் முறை, அந்த மோடில் எந்த வினாடிக்கு எந்த உதிரி ஓடும் என்ற வரிசை. மெஷினைப் பற்றிய உண்மை மெஷினுக்குள்ளேயே கிடக்கிறது, திறக்கிறவனுக்குக் கிடைக்கும். விளம்பர நடை ஒரு வரி கிடையாது.

அதிலும் குறை உண்டு. எண் இருக்கும், அந்த எண்ணின் எல்லை இருக்காது. என்னைக் கேட்டால் ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று பத்தி வேண்டும்: என்ன அளக்கணும், இது எதை விலக்கும், இது எதை விலக்காது. டிரெய்ன் பம்ப் ஓம் சோதனைக்கு இப்படி எழுதலாம்: "அறுந்த காயிலை விலக்கும். ஒட்டிய சுற்று, சூட்டில் மட்டும் திறக்கும் தெர்மல் கட்-ஆஃப், தேய்ந்த இம்பெல்லர், ஈரக்கசிவு இவற்றை விலக்காது." பத்து வார்த்தை கூட. ஒரு மோட்டாரின் விலை மிச்சம்.

வரிசையும் முக்கியம். காசில்லாத சோதனை முதலில்: சத்தம் கேட்பது, புரோகிராம் மாற்றிப் பார்ப்பது, ஃபில்டரைக் கழற்றுவது. பிளக்கைப் பிடுங்கிச் செய்யும் சோதனை அடுத்து. இன்வெர்ட்டர் போர்டு உள்ள மாடலில் கரண்டை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும் என்பதை அங்கே பெரிய எழுத்தில் போட வேண்டும். கரண்டோடு செய்யும் சோதனை கடைசி, அதுவும் பழகினவர்களுக்கு மட்டும். இப்போதிருக்கும் வழிகாட்டிகளில் வரிசையைத் தீர்மானிப்பது எது சுலபமாக வீடியோ எடுக்க வரும் என்பதுதான் போலிருக்கிறது.

8. யார் படிக்கலாம்?

கடைசியாக, இது யாருக்காக எழுதப்படுகிறது என்ற கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/2022 என்ற எண்ணுள்ள விதி, 2021 மார்ச் 1 முதல் டிஷ்வாஷர்களுக்கு நடைமுறையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்தால் நல்ல விதி. மோட்டார், வாஷ் பம்ப், டிரெய்ன் பம்ப், போர்டு போன்றவை கடைசி மெஷின் சந்தைக்கு வந்து குறைந்தது 7 வருஷத்துக்குக் கிடைக்க வேண்டும். கதவு சீல், ஸ்ப்ரே கை, ஃபில்டர், கூடை போன்றவை 10 வருஷத்துக்கு. வயரிங் படம், பிழைக்குறி விளக்கம், அளவுகளுக்கான குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகள் எல்லாவற்றையும் தயாரிப்பாளர் கொடுக்க வேண்டும்.

யாருக்கு? ஃபில்டரும் கூடையும் நமக்கும் கிடைக்கும். மோட்டாரும் வயரிங் படமும் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்கு. தகுதி, காப்பீடு காட்டி அவர்கள் பதிந்துகொள்ளலாம். உதிரியை யாரிடம் கொடுப்பது என்பதில் பாதுகாப்பை முன்னிட்டுக் கட்டுப்பாடு வைப்பது எனக்குப் புரிகிறது. படத்தை ஏன் மூடி வைக்கணும்? படம் கையில் இருப்பவன் தப்பான வயரைத் தொடும் வாய்ப்பு குறைவு. படம் இல்லாவிட்டால் அவன் சும்மா இருக்கப்போவதில்லை, வீடியோ பார்த்துத் தொடுவான்.

பிரான்ஸில் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் ஒட்டும் முறை 2021இல் வந்து, 2022 நவம்பரில் டிஷ்வாஷர்களுக்கும் நீண்டது. ஆவணங்கள் கிடைக்கின்றனவா என்பதும் அந்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான தளத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் என் கணக்கில் ஒரு தளத்தின் மதிப்பு அதிலிருந்து ஒரு வயரிங் படத்தை இறக்கிக்கொள்ள முடிகிறதா என்பதில்தான் இருக்கு.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எல்லாரும் மோட்டாரைக் கழற்றணும் என்று சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் கழற்றக் கூடாது என்றே சொல்வேன். ஆனால் வீட்டுக்கு வருகிறவர் "மோட்டார் போச்சு" என்று சொல்லும்போது, "எதை வச்சுச் சொல்றீங்க, எத்தனை வோல்ட்டில் அளந்தீங்க, ஓடின உடனே அளந்தீங்களா" என்று கேட்கும் அளவுக்காவது இந்த எழுத்து நம்மைத் தயார் செய்ய வேண்டும். அந்தக் கேள்விக்கு நல்ல மெக்கானிக் கோபப்படமாட்டார், மீட்டரை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார்.

அடுத்த குறிப்பில் இன்வெர்ட்டர் போர்டுகளைப் பற்றி. அங்கே அட்டவணைகள் இன்னும் மோசம்.